சூடானால் ஸ்லோவில் நிற்காத பழைய கார்: பழுதைக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

காலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். மூன்று நான்கு கிலோமீட்டர் வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும்தான் தொல்லை ஆரம்பிக்கும். சிக்னலில் கிளட்சை மிதித்து ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி இரண்டு உதறு உதறிவிட்டு ஆஃப் ஆகும். சில்க் போர்டிலோ டின் ஃபேக்டரியிலோ இது நடந்தால் பின்னால் நிற்பவர்கள் தங்கள் கருத்தை ஹாரனிலேயே சொல்லிவிடுவார்கள். பெங்களூரில் இன்னும் மாருதி 800, ஆம்னி, ஜென், எஸ்டீம், பத்மினி வைத்து ஓட்டுபவர்கள் பலருக்கும் இது பழகிப்போன தலைவலி.

வழக்கமான வைத்தியம், ஸ்லோவை (ஆக்சிலேட்டரை விட்டபின் எஞ்சின் தானாக ஓடும் வேகத்தை) மாற்றும் ஸ்லோ ஸ்குரூவை அரைச் சுற்று ஏற்றிவிடுவது. வண்டி அன்றைக்கு நிற்காது. சில வாரத்தில் மறுபடி நிற்கும், மறுபடி அரைச் சுற்று. கடைசியில் சிக்னலில் வண்டி கத்திக்கொண்டு நிற்கும், பெட்ரோல் கரையும், பழுது அப்படியே இருக்கும். இன்னொரு வைத்தியம், பிளக், காயில் (பிளக்குக்குப் பொறி கொடுப்பது), கார்ப்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலப்பது) கிட் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவது. அதில் ஏதாவது ஒன்று பலித்தாலும் எது பலித்தது என்று தெரியாது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் வண்டி எப்படி நிற்கிறது என்று பொறுமையாகப் பார்த்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அதற்குச் செலவும் இல்லை.

சூடானதும் என்னதான் மாறுகிறது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் தகடு) இழுத்திருப்போம். எம்பிஎஃப்ஐ (கார்ப்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெட்ரோல் கொடுக்கும்) வண்டியானால் இசியு என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் தானாகவே பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். ஆர்பிஎம்மும் 1,200, 1,500 என்று ஏறி நிற்கும். இந்தக் கூடுதல் பெட்ரோலும் வேகமும் சின்னக் குறைகளை மூடி மறைத்துவிடும். சூடானதும் இரண்டும் விலகி, ஆர்பிஎம் 850, 900க்கு இறங்கும்போது குறை வெளியே வரும். கூடவே உலோகம் விரிகிறது, பழைய ரப்பர் இளகுகிறது, காயில் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஏறுகிறது, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் சூடாகிறது, டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) இடைவெளி மாறுகிறது, ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கிறது. பழுது பெரும்பாலும் இவற்றில் ஒன்றோடு சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும். மற்றதை முதல் நாளே தொட வேண்டாம்.

பெங்களூருக்கென்று இரண்டு விஷயங்கள் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு. கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது, அதனால் அதே ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டை) இங்கே மிக்சர், அதாவது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை, கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) வரும். இன்னொன்று, பங்கில் இப்போது கிடைக்கும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ சுத்த பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் சேர்ந்தால் சுமார் 13.5 கிலோ போதும். அதனால் அந்தக் காலத்து ஜெட்டில் இ20 லீனாக (பெட்ரோல் குறைவாக) எரியும். உயரமும் எத்தனாலும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிக்கொள்கின்றன என்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு எத்தனால் ஆகாது. அதோடு டேங்கிலும் பைப்பிலும் ஒட்டிக் கிடந்த பழைய கசடைக் கரைத்து ஜெட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

முதல் வேலை: நிற்கும் விதத்தைப் பாருங்கள்

வண்டியை நன்றாகச் சூடாக்கி, ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். வெளியிடத்தில் செய்யுங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பானெட்டைத் திறந்து, ஏசி, லைட் எல்லாவற்றையும் அணைத்து, ஸ்லோவில் விட்டுக் காத்திருங்கள்.

சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று நின்றால் சந்தேகம் கரண்டின் மேல்: காயில், அதை இயக்கும் இக்னைட்டர், டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் பாகம்) இருக்கும் பிக்கப் சென்சார், ஏதாவது ஒரு லூஸ் கனெக்‌ஷன். ஆர்பிஎம் ஏறி இறங்கி, மூச்சு வாங்கி, மெல்லச் செத்தால் மிக்சர் லீன், பெரும்பாலும் எங்கோ காற்று எடுக்கிறது அல்லது ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. கனமாகக் குலுங்கி, சைலென்சரில் பெட்ரோல் வாசனையும் கரும்புகையும் வந்து நின்றால் ரிச். ஃபேன் ஓட ஆரம்பித்த கணத்திலோ ஏசி போட்டதுமோ நின்றால் எஞ்சின் லோடு தாங்கவில்லை.

நின்றபின் மறுபடி எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதும் முக்கியம். உடனே பிடித்து, மறுபடி ஸ்லோவில் செத்தால் லீன் பக்கம் பாருங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் உள்ளே பெட்ரோல் மிதக்கிறது. இருபது நிமிடம் ஆறினால்தான் உயிர் வருகிறது என்றால் சூட்டில் செயலிழக்கும் எலக்ட்ரிக்கல் பாகம், அல்லது பெட்ரோல் ஆவியாகிப் போவது.

எல்பிஜி கிட் போட்ட வண்டிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெட்ரோலில் நின்று, எல்பிஜியில் நிற்காமல் ஓடினால் பழுது பெட்ரோல் பக்கம். இரண்டிலும் நின்றால் காற்று லீக், கரண்ட், டேப்பெட் என்று தேடுங்கள்.

பத்து நிமிடத்தில் முடியும் சோதனைகள்

சோக் நாப் உள்ளே போயிருந்தாலும் கேபிள் இறுகிப்போய் சோக் தகடு பாதி மூடியே இருக்கலாம். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள்: சூடான எஞ்சினில் சோக் தகடு நேராக நிற்க வேண்டும். ஃபில்டர் கறுத்து அடைத்திருந்தால் மாற்றுங்கள். ஏர் ஃபில்டர் குடுவையில் வின்டர், சம்மர் மாற்றும் அமைப்பு இருந்தால் சம்மரில் இருக்கட்டும்.

மல்ட்டிமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். சாதாரண மீட்டரே போதும், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். ஸ்லோவில் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஹெட்லைட், புளோயர், பின் கண்ணாடி டிஃபாகர் எல்லாவற்றையும் போடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் மோசம். ஃபேன் ஓடும்போது மட்டும் நிற்கும் வண்டிகளில் இதுதான் காரணமாக இருப்பதை நிறையப் பார்க்கலாம். துருப்பிடித்த ஒரு போல்ட்டைச் சுரண்டி முடுக்கினால் தீரும் விஷயம் அது.

காற்று லீக்: இங்கே நேரம் செலவிடுங்கள்

ஸ்லோவில் த்ராட்டில் (ஆக்சிலேட்டர் திறக்கும் காற்று வாசல்) ஏறக்குறைய மூடியிருக்கும். எஞ்சின் அப்போது இழுக்கும் காற்று மிகக் குறைவு. அதில் எங்கோ ஒரு விரிசல் வழியாக வேறு காற்று புகுந்தால் மிக்சர் கெட்டுவிடும். ஓட்டத்தில் இதே லீக் தெரியவே தெரியாது. குளிர்ந்திருக்கும்போதும் சோக்கின் கூடுதல் பெட்ரோல் அதைச் சமாளித்துவிடும்.

முதலில் ஒரு அட்டைத் துண்டை எடுத்து, சூடான எஞ்சின் ஸ்லோவில் தடுமாறும்போது கார்ப்பரேட்டர் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். கையை வைக்காதீர்கள், பேக்ஃபயர் ஆனால் தோல் போய்விடும். பாதி மூடியதும் எஞ்சின் சுதாரித்து ஆர்பிஎம் ஏறினால் மிக்சர் லீன் என்பது உறுதி. இன்னும் மோசமாகி நின்றால் ரிச். இந்த ஒரு அட்டைத் துண்டு சொல்வதை ஆயிரம் ரூபாய் டியூனிங் சொல்லாது.

லீன் என்று தெரிந்தால் ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிஸ்ட்ரிப்யூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மறுபடி உறிஞ்சும் பிசிவி ஹோஸ், ஏசி வண்டிகளில் ஏசி போட்டால் ஸ்லோவை ஏற்றும் ஐடில்-அப் ஹோஸ். மூக்கு பிளையர் முனையில் துணி சுற்றி, ஹோஸை மெதுவாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஸ்லோ நிதானமாகிறதோ, அந்த ஹோஸோ அது போய்ச் சேரும் பாகமோதான் குற்றவாளி. பிசிவியை நசுக்கினால் நல்ல வண்டியிலும் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கும். ஹோஸின் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். விரிசல் பெரும்பாலும் பைப்பில் மாட்டும் கடைசி ஒரு சென்டிமீட்டரில் இருக்கும். கழற்றி, வளைத்து, வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழை வெடிப்புகள் வாய் திறப்பது தெரியும். சூட்டில் ரப்பர் இளகியதும் அந்த வாய் இன்னும் பெரிதாகத் திறக்கும்.

ஹோஸ்கள் சரி என்றால் அடுத்தது பேக்கிங்குகள்: கார்ப்பரேட்டருக்குக் கீழே உள்ளது, இன்டேக் மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ளது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பது பிரபலமான வழி. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது எனக்கு அது பிடிக்காது, தீப்பிடிக்கும் பொருள். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை மெல்லிய தூறலாக இணைப்புகளின் மேல் மட்டும் தெளியுங்கள். காயில், பிளக் வயர் பக்கம் போக வேண்டாம். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் ஒரு கணம் ஆர்பிஎம் மாறும்.

வேக்குவம் கேஜ் (எஞ்சின் உறிஞ்சும் வலிமையை அளப்பது) கிடைத்தால் இன்னும் நல்லது. புத்தகங்களில் ஸ்லோவில் 17 முதல் 21 பாதரச அங்குலம் என்று இருக்கும். அது கடல் மட்டத்துக்கான கணக்கு. ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் குறையும் என்பதால் பெங்களூரில் 14 முதல் 18 வந்தாலே எஞ்சின் ஆரோக்கியம். இது தெரியாமல் இங்கே நல்ல எஞ்சினுக்கே "வேக்குவம் கம்மி" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். முள் ஆடாமல் தாழ்வாக நின்றால் லீக் அல்லது டைமிங் (பொறி வரும் நேரம்) பின்தங்கல். ஒரே தாளத்தில் விட்டு விட்டுத் துடித்தால் ஒரு வால்வைக் கவனியுங்கள்.

அல்சூரில் பழைய மாருதிகளை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் என் 800-ஐ விட்டபோது, ஜெட் அடைப்பாக இருக்குமோ என்று கேட்டேன். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இல்ல சார், காத்து எடுக்குது. உஸ்ஸுன்னு கேக்குதா? ஜெட்ட நோண்டாதீங்க."

"எனக்கு ஃபேன் சத்தம்தாண்ணே கேக்குது."

ஒரு முழ நீளத்துக்கு வீணாய்க் கிடந்த ஹோஸ் துண்டை என் கையில் கொடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்தச் சொன்னார். மூன்றாவது சிலிண்டர் பக்கம் வந்தபோது சீறல் தெளிவாகக் கேட்டது. காசில்லாத கருவி.

காற்று லீக் இல்லை, ஆனாலும் லீன் என்றால்

அப்போதுதான் கார்ப்பரேட்டரின் ஸ்லோ சர்க்யூட்டை, அதாவது ஸ்லோவுக்குப் பெட்ரோல் போகும் பாதையைப் பார்க்க வேண்டும். பல கார்ப்பரேட்டர்களில் அந்தப் பாதையைக் கரண்டால் திறந்து மூடும் ஃபியூயல் கட் சாலினாய்டு என்று ஒரு சின்ன உருளை ஒற்றை வயரோடு இருக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் ஆஃப் செய்தால் "டிக்" என்று கேட்க வேண்டும். குளிரில் கேட்டு, சூட்டில் கேட்கவில்லை என்றால் சாலினாய்டு சூட்டில் சோர்ந்துவிடுகிறது. உறுதிசெய்ய, ஃபியூஸ் போட்ட வயரால் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். அப்போது வேலை செய்தால் சாலினாய்டு நல்லது, அதற்கு வரும் வயரில் குறை.

டிக் சத்தம் நன்றாக இருந்தால் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். ஓட்டை வட்டமாக, ஓரம் சுத்தமாகத் தெரிய வேண்டும். வெளிறிய பச்சைப் பொடியோ பழுப்புப் பிசினோ ஓரத்தைத் தின்றிருந்தால் கார்ப் கிளீனரில் ஊறவைத்து காற்றடியுங்கள். ஊசி, கம்பி வேண்டாம். ஓட்டை நூலளவு பெரிதானாலும் அப்புறம் எந்த ஸ்குரூவும் உதவாது. மிக்சர் ஸ்குரூவை முழுக்க உள்ளே திருப்பியும் எஞ்சினில் மாற்றமே இல்லை என்றால், அடைப்பு ஜெட்டோடு நிற்காமல் உள்ளே பாதையிலும் இருக்கிறது என்று அர்த்தம்.

ரிச் என்று அட்டை சொன்னால் டார்ச்சை அடித்து கார்ப்பரேட்டர் தொண்டைக்குள் பாருங்கள். ஸ்லோவில் மெயின் நாசிலிலிருந்து பெட்ரோல் சொட்டவே கூடாது. சொட்டினால் கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வ் தேய்ந்திருக்கிறது அல்லது அதை மூடும் ஃப்ளோட்டின் உயரம் தப்பு.

பெட்ரோல் கொதித்தால்

பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி சுற்றியே ஆவியாக ஆரம்பிக்கும். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் பானெட்டுக்குள் சூடு இதைத் தாண்டுவது சாதாரணம். கார்ப்பரேட்டருக்கு அடியில் தடித்த பேக்கலைட் இன்சுலேட்டர் ஒன்று இருக்க வேண்டும். யாரோ எப்போதோ கிட் மாற்றும்போது அதை உடைத்துவிட்டு வெறும் பேக்கிங்கோடு மாட்டியிருப்பார்கள். பெட்ரோல் ஹோஸ் எக்ஸாஸ்டை உரசிப் போகிறதா, டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சட்டென்று நிற்கும் வண்டி: கரண்ட்

பழுது இருக்கும்போதே பிடிக்க வேண்டும், ஆறியபின் எல்லாம் நல்லதாகவே காட்டும். ஒரு உதிரி பிளக்கைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்ற உடனே ஒரு பிளக் வயரில் மாட்டி, பிளக்கின் உடலை எஞ்சின் உலோகத்தோடு ஜம்பர் கேபிளால் இறுகக் கட்டி, பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகப் படபடவென்று வெடித்தால் கரண்ட் நல்லது. மஞ்சளாக இழுபட்டாலோ ஒன்றுமே வராவிட்டாலோ சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

எந்தப் பாகம் என்று பிரித்தறிய நான் நம்புவது ஹேர் டிரையரை. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஸ்லோவில் விட்டு, சந்தேகப்படும் ஒரே ஒரு பாகத்தின் மேல் மட்டும் சூடான காற்றைக் காட்டுங்கள். முதலில் காயில், ஆறவிட்டு அப்புறம் இக்னைட்டர், அப்புறம் டிஸ்ட்ரிப்யூட்டர் உடல். எஞ்சின் இன்னும் சூடாகவே இல்லாதபோது, ஒரு பாகம் சூடானதும் வண்டி செத்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஃபேன் பெல்ட்டில் வயர் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயிலின் பிரைமரி பெரும்பாலும் 1 முதல் 3 ஓம், செகண்டரி 5,000 முதல் 15,000 ஓம் வரை இருக்கும். குளிரிலும் சூட்டிலும் அளந்து ஒப்பிடுங்கள். ஆனால் மீட்டரில் பாஸான காயிலும் முழு வோல்டேஜில் கசியக்கூடும். பிளக் வயர்களுக்கு இருட்டுதான் சிறந்த மீட்டர்: இரவில் லைட்டை அணைத்து பானெட்டைத் திறந்தால், கசியும் வயரின் மேல் நீலப் பொறிகள் ஓடுவது தெரியும். இக்னைட்டருக்குப் பதில் பாயின்ட் (கரண்டை விட்டு விட்டுத் தரும் சுவிட்ச்) வைத்த பத்மினி, அம்பாசிடர் வண்டிகளில் கண்டென்சரையும் பாயின்ட் இடைவெளியையும் முதலில் பாருங்கள்.

எம்பிஎஃப்ஐ வண்டியானால்

கார்ப்பரேட்டர் இல்லையே தவிர விதி அதேதான். த்ராட்டில் பாடியில் கரி படிந்து, ஸ்லோவுக்கான காற்றைக் கட்டுப்படுத்தும் ஐடில் வால்வ் ஒட்டிக்கொள்வது முதல் காரணம். இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் தெளிந்துவிடும். அடுத்தது கூலன்ட் சென்சார். பல ஜப்பானிய வடிவமைப்புகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுற்றி இருக்கும். சூட்டிலும் ஆயிரக்கணக்கில் காட்டினால், எஞ்சின் இன்னும் குளிரில் இருக்கிறது என்று நம்பி இசியு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

சூடானதும்தான் ஆக்சிஜன் சென்சார் களத்தில் இறங்கும். அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்லோ நிதானமானால் சென்சாரோ அதற்கு முன்னால் எக்ஸாஸ்டில் உள்ள லீக்கோ பொய் சொல்கிறது. டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குக் கொண்டுவரும் சார்க்கோல் கேனிஸ்டர் பர்ஜ் ஹோஸை நசுக்கிப் பார்ப்பதும், எக்ஸாஸ்டை மறுபடி உள்ளே விடும் இஜிஆர் வால்வ் உள்ள வண்டியில் அது திறந்தபடி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வகை. 2010 ஏப்ரலுக்கு முந்தைய பல வண்டிகளில் சாதாரண ஸ்கேனர் பேசாது. செக் எஞ்சின் விளக்கின் மினுக்கலை எண்ணித்தான் பழுதுக் குறியீட்டை எடுக்க வேண்டும். செக் எஞ்சின் விளக்கு எரியாததாலேயே பழுது இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

ஏசி போட்டால் மட்டும் நின்றால்

ஐடில்-அப் டயஃப்ரம் கிழிந்திருக்கும் அல்லது அதன் வேக்குவம் சாலினாய்டு வேலை செய்யாது. வாயால் ஹோஸை உறிஞ்சிப் பாருங்கள். லிவர் நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால்

டேப்பெட். இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் சூட்டில் வால்வ் முழுக்க மூடாது, ஸ்லோவில் அந்த சிலிண்டர் வேலை செய்யாது. மேனுவலில் குளிருக்கு ஒரு அளவும் சூட்டுக்கு ஒரு அளவும் தந்திருப்பார்கள், மாற்றிப் படித்துவிடாதீர்கள். அதன்பின் சூட்டில் கம்ப்ரஷன் எடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் ஸ்குரூவால் ஆவது ஒன்றுமில்லை, ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

ஜே.சி. ரோட்டில் உதிரிபாகம் வாங்கும்போது

பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கார்ப்பரேட்டர் கிட்டில் உள்ள பேக்கிங்கைப் பழையதன் மேல் வைத்து ஒவ்வொரு ஓட்டையும் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒரு சின்ன ஓட்டை இல்லாத பேக்கிங் ஸ்லோ சர்க்யூட்டையே மூடிவிடும். வேக்குவம் ஹோஸை பெட்ரோல் லைனுக்குப் போடாதீர்கள். இ20க்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஃபியூயல் ஹோஸ் கேளுங்கள். விலை அதிகம், ஆனால் எத்தனால் தாங்கும்.

கடைசியாக ஸ்குரூ

பழுது தீர்ந்தபிறகுதான் ஸ்லோ ஸ்குரூவுக்கு வேலை. எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்கத் திறந்து, லோடு எதுவும் இல்லாமல் இருக்கட்டும். டைமிங் சரி என்று உறுதி செய்துகொண்டு, மிக்சர் ஸ்குரூவை வேக்குவம் அல்லது ஆர்பிஎம் உச்சம் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்லோவை பானெட் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்குங்கள். மறுபடி மிக்சர், மறுபடி ஸ்லோ.

அப்புறம் எஞ்சின் ஆறுவதற்குள் பக்கத்து எமிஷன் டெஸ்ட் சென்டருக்குப் போய் ரிப்போர்ட்டில் உள்ள எண்களைப் படியுங்கள். பாரத் ஸ்டேஜ் 2 (பிஎஸ்-2) புகை விதிக்கு முந்தைய கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். அதை ஒட்டி நின்றால் மிக்சரை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவாகவும் ஹைட்ரோகார்பன் அதிகமாகவும் வந்தால் எங்கோ லீனால் வரும் மிஸ்ஸிங் (சிலிண்டர் சில சமயம் எரியாமல் விடுவது) இன்னும் இருக்கிறது, அட்டைத் துண்டோடு மறுபடி பானெட்டைத் திறங்கள்.